மிளகாய்க் காரமும் எடைக் குறைப்பும்: அளவறிந்து பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

மிளகாய்க் காரத்தால் ஒரு நாளில் உடல் கூடுதலாக எரிக்கும் ஆற்றல் சுமார் 50 கலோரி. அந்த மிளகாயை வதக்க ஊற்றும் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் இருப்பது 120 கலோரி. காரம் சாப்பிட்டும் எடை குறையவில்லையே என்று கேட்பவர்களில் பலருக்கு இந்த இரண்டு எண்களே பதில்.

அதற்காக மிளகாயை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கொழுப்பை எரிப்பதைவிட நம்மைக் குறைவாகச் சாப்பிட வைப்பதில்தான் அது கெட்டி. அதையும் எல்லா மிளகாயும், எல்லா அளவிலும், எல்லாருக்கும் செய்வதில்லை. எவ்வளவு, எதில், எப்போது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

காரம் உடலில் என்ன செய்கிறது

மிளகாயின் உறைப்புக்குக் காரணம் கேப்சைசினும் அதன் நெருங்கிய உறவான சில வேதிப்பொருள்களும். காரம் ஒரு சுவை அல்ல, சூட்டு உணர்வு. நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற ஏற்பி இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது மூளைக்குச் செய்தி அனுப்பும். கேப்சைசின் போய் ஒட்டிக்கொண்டாலும் அதே செய்திதான் போகும். அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் இந்த ஏற்பியை அடையாளம் கண்டது. 2021இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் இந்தக் கண்டுபிடிப்புக்கு முக்கியப் பங்கு உண்டு.

வாய் வெந்துவிட்டது என்று நம்பும் உடல் தன்னைக் குளிர்விக்கப் பார்க்கிறது. முகம் சிவக்கிறது, நெற்றி வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது. உடலைப் பரபரப்பாக்கும் பரிவு நரம்பு மண்டலம் கொஞ்சம் முடுக்கிவிடப்படுகிறது. கொழுப்பை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும் விகிதம் சற்றே கூடுகிறது. "சற்றே" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வியர்வை வெறும் நீர். வியர்த்துக் கொட்டுவதால் கொழுப்பு கரைகிறது என்று நினைப்பது, தக்காளியைப் பிழிந்துவிட்டு அதன் கலோரி போய்விட்டது என்று நினைப்பதைப் போன்றது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 25 பேருக்கு உணவோடு 1 கிராம் சிவப்பு மிளகாய்த்தூள் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில் நாலரை மணி நேரத்தில் கூடுதலாகச் செலவானது ஏறத்தாழ 10 கலோரிதான். அதைவிட முக்கியமான ஒன்றும் அதில் தெரிந்தது. காரத்துக்குப் பழகாதவர்களுக்குப் பசியும், கொழுப்பு, உப்பு, இனிப்பு மீதான நாட்டமும் குறைந்தன. பழகியவர்களிடம் அந்த அளவுக்கு மாற்றம் இல்லை.

2012இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, நாளுக்கு ஏறத்தாழ 50 கலோரி கூடுதலாகச் செலவாகலாம் என்றது. 2014இல் வந்த இன்னொன்று, சாப்பாட்டுக்கு முன் குறைந்தது 2 மில்லிகிராம் கேப்சைசின் வகைப் பொருள்கள் உள்ளே போனால், அந்த வேளையில் சராசரியாக 74 கலோரி குறைவாகச் சாப்பிடுகிறார்கள் என்றது. நம் கணக்குக்கு அடித்தளம் இந்த 2 மில்லிகிராம்தான். கீழே இதைத் தூளாகவும் காயாகவும் மாற்றிப் பார்ப்போம்.

ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. நாளுக்கு 50 கலோரி வீதம் ஓராண்டு முழுக்கப் போனால் காகிதத்தில் 2.4 கிலோ வரும். ஆனால் உடல் காகிதம் அல்ல. எடை குறையக் குறைய அது செலவைச் சுருக்கும், நாக்கும் காரத்துக்குப் பழகிவிடும். அதனால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். ஒரு மாதத்தில் ஐந்து கிலோ என்று யாராவது சொன்னால் அங்கேயே கேட்பதை நிறுத்திவிடலாம்.

எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. சீனாவில் சுமார் 5 லட்சம் பேரை ஆராய்ந்த கடூரி பயோபேங்க் என்ற ஆய்வுத் திட்டத்தின் தரவுகளில், அடிக்கடி காரம் சாப்பிடுபவர்களின் உடல் பருமன் அளவுகள் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. மிளகாய்தான் குண்டாக்கியது என்று இதற்குப் பொருள் இல்லை. இப்படிப்பட்ட ஆய்வு காரணத்தை நிரூபிக்காது. ஆனால் காரமான உணவு பெரும்பாலும் எண்ணெயோடும், நிறைய மாவுச்சத்தோடும் வயிற்றுக்குள் போகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது.

படி 1: உங்களுக்கு இது ஒத்துவருமா?

இதைக் கடைசிப் பத்தியில் சொல்வது வழக்கம். முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

நெஞ்செரிச்சல், உணவு எதுக்களித்தல் உள்ளவர்களுக்கும், குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கும் மிளகாய் தொல்லையைக் கூட்டலாம். வயிற்றுப்புண் இருந்தால், ஆறும்வரை தள்ளிப்போடுங்கள். வயிற்றுப்புண்ணுக்கு முதன்மைக் காரணங்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் சில வலி மாத்திரைகளும்தான். மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை, ஆனால் இருக்கும் புண்ணில் எரிச்சல் தரும். மூலம், ஆசனவாய் வெடிப்பு இருப்பவர்களுக்கு ஏன் கூடாது என்று விளக்க வேண்டியதில்லை. டிஆர்பிவி1 ஏற்பி குடலின் கடைசி முனைவரை இருக்கிறது, கேப்சைசின் முழுவதும் செரித்துப் போவதும் இல்லை.

ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் சிலருக்கு வறட்டு இருமல் பக்கவிளைவாக வரும். மிளகாய் நெடி அதைக் கிளறிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், உணவின் அளவை மாற்றும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சாப்பாடு குறைந்து மருந்து மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கர்ப்பிணிகள் எடைக் குறைப்புக்காக இதைச் செய்ய வேண்டாம். குழந்தைகள் பக்கமே போக வேண்டாம்.

படி 2: இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் கணக்கெடுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் படி இது. காலையில் எழுந்து கழிவறை போய் வந்ததும், எதுவும் குடிக்கும் முன், ஒரே எடைப்பொறியில் எடை பாருங்கள். தினமும் குறித்து வைத்து வாரச் சராசரியை மட்டும் கணக்கில் எடுங்கள். முந்தின நாள் உப்பு கூடியதாலும், மலச்சிக்கலாலும், மாதவிடாய் நாள்களாலும் எடை ஒரு கிலோ வரை மேலும் கீழும் போகும். இடுப்புச் சுற்றளவை வாரம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் அளந்தால் போதும்.

சமையலுக்குத் தலைக்கு எவ்வளவு எண்ணெய் போகிறது என்பதையும் அளந்துவிடுங்கள். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல், வாரத்துக்கான எண்ணெயைத் தனி பாட்டிலில் அளந்து வைத்துக்கொண்டால் வேலை எளிது.

படி 3: மிளகாயைத் தேர்ந்தெடுத்து அளவைக் கணக்கிடுங்கள்

உறைப்பை அளக்க 1912இல் வில்பர் ஸ்கோவில் வகுத்த அளவுகோல்தான் இன்றும் வழக்கில் உள்ளது. தோராயமாக:

குடைமிளகாய்: 0
ஹலபீனோ: 2,500 முதல் 8,000
செரானோ: 10,000 முதல் 23,000
கயென்: 30,000 முதல் 50,000
சின்ன ஊசி மிளகாய்: 50,000 முதல் 1,00,000
ஹபனேரோ: 1,00,000 முதல் 3,50,000

ஒரே செடியில் காய்த்த இரண்டு காய்களுக்கே உறைப்பு வேறுபடும். நீர் குறைந்து வாடி வளர்ந்த செடியின் காய் கூடுதலாக உறைப்பதும் உண்டு. எனவே இந்த எண்களை வரம்பாக மட்டும் கொள்ளுங்கள்.

ஸ்கோவில் எண்ணை 16,000ஆல் வகுத்தால், உலர்ந்த ஒரு கிராமில் எத்தனை மில்லிகிராம் காரப்பொருள் என்பது கிடைத்துவிடும். 40,000 அளவுள்ள தூள் என்றால் கிராமுக்கு 2.5 மில்லிகிராம். அப்படியானால் 2 மில்லிகிராமுக்கு 0.8 கிராம் தூள் போதும். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள் சுமார் 2 கிராம் இருக்கும். ஆக, அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு.

பச்சைக் காயில் பத்தில் ஒன்பது பங்கு நீர். 10 கிராம் எடையுள்ள கயென் வகைக் காயில் உலர்பொருள் ஒரு கிராம்தான் தேறும், அதாவது 2.5 மில்லிகிராம். அதே கணக்கை 5,000 ஸ்கோவில் உள்ள ஹலபீனோவுக்குப் போட்டால், 15 கிராம் காயில் அரை மில்லிகிராம்கூட வராது. நாலைந்து காய் தின்றால்தான் 2 மில்லிகிராமைத் தொடலாம். நாலு வளையம் ஹலபீனோவை மேலே தூவிவிட்டு எடை குறையும் என்று காத்திருப்பது வீண். குடைமிளகாயில் காரப்பொருளே இல்லை. கலோரி குறைந்த நல்ல காய் அது, இந்தக் கணக்கில் மட்டும் வராது.

காரம் எங்கே இருக்கிறது என்பதிலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. விதையில் அல்ல. காம்பிலிருந்து இறங்கி விதைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் வெண்ணிறச் சதையில்தான் காரம் சுரக்கிறது. விதைக்கு அது ஒட்டிக்கொண்ட காரம்தான். ஒரு காயை நீளவாக்கில் பிளந்து, நுனியில் ஒரு துளியும் காம்போரத்து வெள்ளைச் சதையில் ஒரு துளியும் நாக்கில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். காரம் குறைய வேண்டுமானால் அந்தச் சதையைக் கரண்டியால் வழித்துவிட்டால் போதும்.

தூள் வாங்கும்போது உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். மிளகாய்த்தூள் என்ற பெயரில் விற்கும் சில கலவைகளில் சீரகம், பூண்டு, உப்பு எல்லாம் இருக்கும். நிறம் நன்றாகச் சிவந்திருந்தால் காரமும் நிறைய இருக்கும் என்று நினைக்காதீர்கள். சிவப்பு நிறம் வேறு நிறமிகளால் வருவது. ரத்தச் சிவப்பாக இருந்தும் உறைப்பே இல்லாத வகைகள் உண்டு. வெளிச்சமும் ஈரமும் படாமல் இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.

படி 4: நாக்கைப் பழக்குங்கள், மரக்க விடாதீர்கள்

ஏற்கெனவே காரம் சாப்பிடுபவராக இருந்தால் நாக்கைப் பழக்கும் பகுதியை மட்டும் தாண்டலாம். புதியவர்கள் இப்படிப் போகலாம்:

முதல் மூன்று நாள், 250 மில்லி சூப்பிலோ குழம்பிலோ கால் கிராம் தூள். டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு, இரண்டு சிட்டிகை அளவு. அடுத்த மூன்று நாள் அரை கிராம். அதற்கடுத்த வாரம் ஒரு கிராம். பெரும்பாலோருக்கு வேளைக்கு ஒரு கிராமே போதும்.

ஒவ்வொரு கட்டத்திலும் உறைப்புக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். 4 அல்லது 5 இருந்தால் சரியான இடம். வாயில் தெரிய வேண்டும், மெதுவாகச் சாப்பிட வைக்க வேண்டும், அவ்வளவுதான். விக்கல் எடுத்தாலோ, கண்ணில் நீர் முட்டினாலோ, தண்ணீர் டம்ளரைத் தேடினாலோ 7ஐத் தாண்டிவிட்டீர்கள். அங்கே போனால் பலன் தலைகீழாகிவிடும். எரிச்சலை அடக்கச் சோறோ ரொட்டியோ இனிப்போ கூடுதலாக உள்ளே போகும்.

மறுபக்கம், தினமும் மூன்று வேளையும் கூட்டிக்கொண்டே போனால் டிஆர்பிவி1 ஏற்பி மரத்துவிடும். அப்புறம் அதே பசிக்குறைவுக்கு இன்னும் காரம் வேண்டும், வயிறோ அவ்வளவு தாங்காது. எங்கள் பரிந்துரை, நாளில் ஒரு வேளை, அதுவும் நீங்கள் அளவு மீறிச் சாப்பிடும் வேளை எதுவோ அதில் மட்டும் காரத்தை வைப்பது. பலருக்கு அது இரவுச் சாப்பாடு. படுக்க மூன்று மணி நேரமாவது இருக்கும்போது முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நெஞ்செரிச்சல் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும். மிச்சம் பிடித்த 74 கலோரி அதிலேயே போய்விடும்.

படி 5: எதில் சேர்ப்பது, எப்படிச் சமைப்பது

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2005இல் ஓர் ஒப்பீடு செய்தார்கள். உணவுக்கு முன் 0.9 கிராம் மிளகாய்த்தூளைச் சிலமுறை தக்காளிச் சாறில் கலந்தும், சிலமுறை மாத்திரைக் கூடாகவும் கொடுத்தார்கள். கூடாக விழுங்கியபோது நாளின் உணவு 10 சதவீதம் குறைந்தது. சாறாகக் குடித்தபோது 16 சதவீதம். உள்ளே போன காரம் ஒன்றுதான், நாக்கில் பட்டதால் வந்தது அந்த வித்தியாசம். பென்சில்வேனியா மாகாணப் பல்கலைக்கழகத்தின் அண்மை ஆய்விலும், உணவில் உறைப்பை மிதமாகக் கூட்டியபோது மக்கள் மெதுவாகச் சாப்பிட்டார்கள், மொத்தத்தில் குறைவாகவும் சாப்பிட்டார்கள். ஆகவே காரம் வாயில் தெரிய வேண்டும். விழுங்கி ஏமாற்றக் கூடாது.

சேர்க்க ஏற்ற இடங்கள்: தக்காளிச் சூப், அவித்த பயறு, பருப்பு, முட்டை, மீன், கோழியின் நெஞ்சுப் பகுதி, ஆவியில் வெந்த காய்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். டயட் உணவுக்கும் அந்தக் கதிதான். ஆவியில் வெந்த முட்டைக்கோஸை மூன்றாம் நாள் யாரும் தொடுவதில்லை. மிளகாயும் எலுமிச்சையும் பூண்டும் சேர்ந்தால் உப்பும் எண்ணெயும் குறைவாக இருப்பதே தெரியாது. மிளகாயால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான் என்று நினைக்கிறோம், எந்தக் கலோரி அட்டவணையிலும் இது ஏறாது.

சாப்பாட்டுக்கு முன் குடிக்க ஒரு சூப். இரண்டு பேருக்கு, தலைக்குச் சுமார் 60 கலோரி:

தக்காளி 200 கிராம், வெங்காயம் 50 கிராம், கேரட் 50 கிராம், பூண்டு 2 பல், எண்ணெய் 1 டீஸ்பூன், மிளகாய்த்தூள் தலைதட்டிய 1 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், தண்ணீர் 300 மில்லி, எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன்.

எண்ணெய் காய்ந்ததும் வெங்காயத்தையும் பூண்டையும் நாலு நிமிடம் வதக்குங்கள். எண்ணெய் போதாமல் அடி பிடித்தால் எண்ணெய் ஊற்றாமல் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளியுங்கள். தீயை நன்றாகக் குறைத்த பிறகே தூளைப் போட வேண்டும். 20 விநாடி கிளறினால் போதும். கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அந்த ஒரு டீஸ்பூன் எண்ணெயே காரத்தை இழுத்துச் சூப் முழுக்கப் பரப்பிவிடும். தீ அதிகமாக இருந்தால் தூள் கருகிக் கசக்கும், நெடி ஏறி வீடே கமறும். மணம் வந்த கணமே நறுக்கிய தக்காளியைக் கொட்டுங்கள், அதன் நீர் கருகலைத் தடுக்கும். கேரட், உப்பு, தண்ணீர் சேர்த்து 15 நிமிடம் கொதிக்கட்டும். பத்து நிமிடம் ஆறவிட்டு அரையுங்கள். கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தூக்கி எறியும், அதுவும் கார ஆவி. எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள்.

சாப்பாட்டுக்கு 15, 20 நிமிடம் முன்பு கரண்டியால் எடுத்து மெதுவாகக் குடியுங்கள். அப்புறம் தட்டில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி குறைத்துப் பரிமாறிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிச் செயலைச் செய்யாவிட்டால் சூப் வெறும் கூடுதல் 60 கலோரிதான். மீதிச் சூப்பை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் பயன்படுத்தலாம்.

சமைத்தால் காரம் போய்விடுமோ என்ற கவலை வேண்டாம். கேப்சைசின் சூட்டைத் தாங்கும், கொதிப்பதால் குறைவது கொஞ்சம்தான். வைட்டமின் சி மட்டும் சூட்டில் குறையும். அது வேண்டுமென்றால் பச்சைக் காயைப் பொடியாக நறுக்கி இறக்கும்போது தூவுங்கள்.

தயிரில் காரம் கலந்து சாப்பிடுவதைப் பற்றி ஒரு குறிப்பு. பால் பொருள்களில் உள்ள கேசீன் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொள்ளும். அதனால் நாக்கில் உறைப்பு குறையும். புதிதாகத் தொடங்குபவருக்கு அது வசதி. பசி குறைய வேண்டும் என்று சாப்பிடுபவருக்கு அது வேலையைப் பாதியாக்கிவிடும்.

எரிச்சல் மீறினால்

தண்ணீர் குடித்தால் காரம் வாய் முழுக்கப் பரவும், தணியாது. பால்தான் மருந்து. கொழுப்பு நீக்கிய பாலும் முழுப் பாலுக்குச் சமமாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் பெரும்பங்கு வேலை புரதத்தினுடையது. 100 மில்லியை வாயில் அரை நிமிடம் வைத்துச் சுழற்றி விழுங்குங்கள். சர்க்கரை பானமும் எரிச்சலைத் தணிக்கும் என்பது உண்மை. ஆனால் 250 மில்லி கோலாவில் நூறு கலோரிக்கு மேல் இருக்கிறது. இரண்டு நாள் மிளகாய் செய்த வேலையை அது இரண்டு நிமிடத்தில் அழித்துவிடும்.

கையில் எரிச்சல் என்றால் முதலில் சிறிது சமையல் எண்ணெயைத் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். ஹபனேரோ அளவுக்கு மேல் போனால் கையுறை கட்டாயம். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் மிளகாயைத் தொடுவதற்கு முன்பே லென்ஸைக் கழற்றிவிடுவது நல்லது. எத்தனை முறை கழுவினாலும் விரல் நுனியில் ஒரு துளி தங்கிவிடும்.

எங்கே சறுக்குகிறது

எடை இறங்காத வீடுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் ஓட்டைகள் இவை.

மிளகாய் எண்ணெய். சிவப்பாக மினுங்கும் அந்த எண்ணெயில் டீஸ்பூனுக்கு 40 கலோரி. மூன்று ஸ்பூன் ஊற்றினால், வேளைக்குக் குறையும் என்று சொன்ன 74 போய், கூடுதலாக 46 ஏறியிருக்கும்.

இனிப்புக் கார சாஸ். உட்பொருள் பட்டியலில் முதலில் வருவது எதுவோ அதுதான் அதிகம் இருப்பது. சர்க்கரை முதலிலோ இரண்டாவதாகவோ இருந்தால் அதை மிளகாய் என்று எண்ணாதீர்கள், ஜாம் என்று எண்ணுங்கள். வினிகர், மிளகாய், உப்பு மட்டும் உள்ள சாஸில் கலோரி ஏறக்குறைய இல்லை. ஆனால் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குள். உப்பு கூடினால் உடலில் நீர் தங்கி எடைப்பொறி ஏமாற்றும். நீங்களும் திட்டம் தோற்றது என்று நினைத்துக் கைவிட்டுவிடுவீர்கள்.

காரச் சிப்ஸ், காரம் பூசிய வறுவல். இவற்றில் மிளகாய் பசியைக் குறைப்பதற்குப் பதில் அடுத்ததை எடுக்க வைக்கிறது. எண்ணெயும் உப்பும் மாவும் சேர்ந்தால் கேப்சைசின் ஒன்றும் செய்ய முடியாது.

குறைந்ததை வேறு வேளையில் ஈடுகட்டுவது. இரவு குறைவாகச் சாப்பிட்டேன் என்ற நிம்மதியில் மறுநாள் காலை ஒரு பிடி கூட்டிவிடுவோம், தெரியாமலே நடக்கும். தொடக்கத்தில் இரண்டு வாரம் எடுத்த எடைக் குறிப்போடு ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.

வெறும் வயிற்றில் கடும் காரம். பச்சை மிளகாயை அப்படியே கடித்துத் தின்பதோ, தூளைத் தண்ணீரில் கலந்து குடிப்பதோ வயிற்றைப் புரட்டும், வேறு நன்மை இல்லை. கரோலினா ரீப்பர் போன்ற பத்து லட்சம் ஸ்கோவிலைத் தாண்டும் வகைகள் எடைக் குறைப்புக்கானவை அல்ல. 2018இல் வெளியான மருத்துவ அறிக்கை ஒன்றில், போட்டியில் ஒரு ரீப்பரைத் தின்ற 34 வயதுக்காரருக்கு மூளையின் ரத்தக்குழாய்கள் தற்காலிகமாகச் சுருங்கி, இடி விழுந்தாற்போல் தலைவலி வந்தது பதிவாகியிருக்கிறது.

மாத்திரைகள் பற்றி

கேப்சைசின் மாத்திரைக் கூடு வாயில் எரியாது. நாக்கில் பட்டால்தான் பலன் கூடுகிறது என்று பார்த்தோம், அந்த வகையில் முதல் அடியே பின்னடைவு. மாஸ்ட்ரிக்டில் 2003இல் வெளியான ஆய்வில், எடை குறைத்து முடித்தவர்களுக்கு நாளுக்கு 135 மில்லிகிராம் கேப்சைசின் மூன்று மாதம் கொடுத்தார்கள். நாம் மேலே கணக்கிட்ட தூளில் அது 54 கிராம், எந்தத் தட்டிலும் கொள்ளாத அளவு. கொழுப்பு எரியும் பங்கு சற்றுக் கூடியிருந்தது உண்மை. ஆனால் இழந்த எடை திரும்ப ஏறுவதை அது தடுக்கவில்லை.

ஆபத்தும் இல்லாமல் இல்லை. எடை குறைக்கக் கயென் மிளகாய் மாத்திரை எடுத்த 25 வயது இளைஞருக்கு இதயத் தமனி இறுகி மாரடைப்பு வந்ததை 2012இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. ஒரே ஒரு நிகழ்வு எல்லோருக்கும் நடக்கும் என்பதற்குச் சான்றல்ல. ஆனால் நாக்கு ஒரு காவலாளி மாதிரி. அளவு மீறினால் அது நிறுத்தும். கூட்டுக்குள் அடைத்து விழுங்கும்போது அந்தக் காவலாளியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

எட்டு வாரம் கழித்து

வாரச் சராசரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். முதல் இரண்டு வாரச் சராசரியோடு கடைசி இரண்டு வாரச் சராசரியை ஒப்பிடுங்கள். இடையில் வேறு எதையும் மாற்றாமல் அரைக் கிலோ இறங்கியிருந்தால் மிளகாய் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று கொள்ளலாம். அதே அளவில் தொடருங்கள், காரத்தைக் கூட்டாதீர்கள்.

எடை அப்படியே இருந்து இடுப்பளவும் மாறவில்லையென்றால் மிளகாயைக் கூட்டுவது தீர்வல்ல. எண்ணெய் பாட்டில் எத்தனை நாளில் காலியாகிறது என்று பாருங்கள். நாளுக்குத் தலைக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெயைக் குறைத்தாலே 80 கலோரி போய்விடும், மிளகாயின் 50ஐவிட அது அதிகம். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினால், எது வேலை செய்தது என்று குறிப்பேட்டிலேயே தெரிந்துவிடும்.

எடை ஏறியிருந்தால், காரச் சாப்பாட்டோடு என்னென்ன உள்ளே போயின என்று மூன்று நாள் மட்டும் விடாமல் எழுதிப் பாருங்கள். குளிர்பானம், கூடுதல் சோறு, ஒரு கை சிப்ஸ், இந்த மூன்றில் ஒன்று அநேகமாக அந்தத் தாளில் இருக்கும்.